சீனம் தெரியும், பேச வராது

பினாங்கில் ஒருவரிடம் "சீனம் தெரியுமா?" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "சீனம் பேச வருமா?" என்று கேட்டால் வேறொன்று வரும். இரண்டாண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போய், எச்எஸ்கே எனும் சீனமொழித் தேர்வின் மூன்றாம் நிலைச் சான்றிதழைக் கோப்பில் பத்திரமாக வைத்திருப்பவர் முதல் கேள்விக்குத் தலையாட்டுவார், இரண்டாவதற்குச் சிரித்து மழுப்புவார். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை முகப்பில் நிற்கும் அண்ணன் இதற்கு நேர் எதிர். "படிச்சதெல்லாம் இல்லைங்க, ஆனா ஹொக்கியன் நல்லா வரும்" என்பார், பினாங்குச் சீனர்கள் வழிவழியாகப் பேசும் சீன மொழியைத்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு, துணி பார்க்க வந்த சீனப் பாட்டியிடம் விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்வார்.

தமிழில் மொழி "வர" வேண்டும். வேண்டிய நேரத்தில் கூப்பிடாமலே வாயில் வந்து நிற்க வேண்டும். பொதுச் சீனமான மாண்டரினிலும் இதே பிரிவு இருக்கிறது. 'ஷுயே' என்றால் படிப்பது. 'ஷுயே ஹுவேய்' என்றால் படித்தது கைவசமாவது. "மூணு வருஷம் ஷுயே பண்ணேன், இன்னும் ஷுயே ஹுவேய் ஆகலை" என்பது அவர்கள் பேச்சில் சாதாரணம். நீச்சலுக்கும் சொல்வார்கள், சமையலுக்கும் சொல்வார்கள். அந்த 'ஹுவேய்'தான் நம்முடைய "வரும்". முதலாவதைப் படிப்பு என்றும் இரண்டாவதைப் பழக்கம் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் ஒரே ஊரில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கப் பினாங்கு தோதான இடம். மாண்டரினுக்குப் பாடநூல் உண்டு, ஒலியை ரோமன் எழுத்தில் காட்டும் பின்யின் உண்டு, தேர்வு உண்டு, சீனப்பள்ளிகளில் பாடமொழியும் அதுதான். ஹொக்கியனுக்கு இங்கே பள்ளிப் பாடம் கிடையாது, தேர்வு கிடையாது, பேசுகிறவர்களிலேயே பெரும்பாலோர் அதை எழுதுவதில்லை. அப்படியும் தலைமுறை தலைமுறையாகச் சந்தையில் தமிழர்கள் அதைப் பேசுகிறார்கள். இவற்றை அந்நிய மொழி என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டில் பேசுவது எப்படி அந்நியமாகும்? ஆனால் தமிழ்க் காதுக்கும் தமிழ் நாக்குக்கும் அந்நியம்தான். எங்கே, எப்படி என்று கீழே வருகிறது.

முதலில் வகுப்புக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர் மாண்டரினில் அலுவல் பார்க்கும் அளவுக்கு வர 88 வாரம், ஏறக்குறைய 2200 வகுப்பு மணி ஆகும் என்று வைத்திருக்கிறது. சனிக்கிழமை 2 மணி, வருடத்துக்கு 40 வாரம் என்றால் 80 மணி. 2200-ஐ அதால் வகுத்தால் இருபத்தேழரை வருடம். மலாய் தெரிந்து, சீனர் குரல் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரருக்கு அவ்வளவு ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த 80 மணிக்குள்ளேயும் ஓட்டை இருக்கிறது. 15 பேர் வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மிஞ்சுவது 60 நிமிடம், ஆளுக்கு 4 நிமிடம். வருடம் முழுவதும் நீங்கள் வாய் திறந்தது 2 மணி 40 நிமிடம். கட்டணத்தை அதால் வகுத்துப் பார்க்காமலிருப்பது நல்லது.

தேர்வு இந்த ஓட்டையைக் காட்டிக்கொடுக்காது. பழைய எச்எஸ்கே அளவில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டாவதற்கு 300, மூன்றாவதற்கு 600. விடைகளை அச்சிட்டுக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த 600-ம் தெரியும். அந்த அளவில் பேச்சுத் தேர்வு தனியாக இருந்தது, அதில் உட்காராமலே சான்றிதழ் வாங்கிவிட முடிந்தது. கோப்பித்தியாம் என்ற சீனக் காப்பிக்கடையில் யாரும் விடைகளை அச்சிட்டுத் தருவதில்லை. அங்கே கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கிடைப்பது ஒரு நொடி. அதற்குள் வாய் திறக்கவில்லை என்றால் கடைக்காரர் மலாய்க்கு மாறிவிடுவார்.

மலேசியாவில் சீனம் பழகுவதற்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை. தைப்பேயில் போய் மாட்டிக்கொண்டால் மாண்டரினைத் தவிர வழி குறைவு. இங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் மலாய் தெரியும், பலருக்கு ஆங்கிலமும் தெரியும். தமிழ் முகத்தைப் பார்த்ததும் மலாயில் தொடங்குவது அவர்கள் மரியாதை. உங்கள் பயிற்சி அதோடு முடிந்தது. இதைத் தடுக்க நாலு வாக்கியம் போதும், அவை மட்டும் யோசிக்காமல் வர வேண்டும். பினாங்கு ஹொக்கியனில்: 'வா தே ஓ ஹொக்கியன்' (நான் ஹொக்கியன் கத்துக்கிட்டிருக்கேன்), 'பான் பான் கோங்' (மெதுவாச் சொல்லுங்க, பான் என்பதில் பேங்க் என்ற சொல்லின் ப), 'கோ கோங் சிட் பாய்' (இன்னொரு தடவை சொல்லுங்க), 'சே சி ஹாமி?' (இது என்ன?). ஒரே நாளில் ஐம்பது தடவை சொல்லித் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டாம். நாளுக்குப் பத்துத் தடவை வீதம் ஐந்து நாள், நடந்துகொண்டே, உரக்க. இதற்கு இலக்கணம் கேட்காதீர்கள், அப்படியே விழுங்குங்கள்.

இனி காது. செந்தமிழ் நாப்பழக்கம் என்பார்கள். பிறமொழிக்கு அதற்கும் முன்னால் செவிப்பழக்கம் ஒன்று இருக்கிறது. வகுப்புகள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கும் படி அதுதான்.

ஹொக்கியனில் ஒன்றுக்கு 'சிட்', ஏழுக்கும் தமிழில் எழுதினால் 'சிட்'தான். நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கீரைக் கட்டு ஒரு வெள்ளியா ஏழு வெள்ளியா (வெள்ளி என்றால் ரிங்கிட்) என்பது குழம்பிப்போகும். உண்மையில் இரண்டும் வேறு. ஏழில் மூச்சுக் காற்று வெடித்து வெளியே வரும், ஒன்றில் வராது. தொனியும் வேறு: தனியாக எண்ணும்போது ஒன்று மேலே நிற்கும், ஏழு கீழே இறங்கும். பின்னால் வெள்ளியைக் குறிக்கும் 'கோ' ஒட்டியதும் தலைகீழாகிவிடும். ஒரு வெள்ளியில் 'சிட்' கீழே, ஏழு வெள்ளியில் மேலே. ஹொக்கியனில் தொடரின் கடைசி அசை மட்டும் தன் சொந்தத் தொனியில் நிற்கும், அதற்கு முன்னால் வருபவை மாறும். எண்களை ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம் செய்தவர் சந்தையில் தோற்பது இதனால்தான். அவர் படித்தது தனித்தனி எண், சந்தையில் கேட்பது விலை. துணிக்கடை அண்ணனிடம் இந்த விதியைக் கேட்டால் விழிப்பார். விலை சொல்லச் சொன்னால் ஒரு தடவைகூடத் தவறாது.

ஆகவே எண்ணைப் படிக்காதீர்கள், விலையைக் கேளுங்கள். ஹொக்கியன் பேசும் நண்பர் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் ஒன்றரை நிமிடக் குரல் பதிவு கேட்டு வாங்குங்கள்: இருபது விலைகள், கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நொடி இடைவெளி. 'சா கோ புவா' மூன்றரை வெள்ளி, 'கோ காக்' ஐம்பது காசு என்று இப்படி. (ஐந்தின் 'கோ'வும் வெள்ளியின் 'கோ'வும் ஒன்றல்ல; ஐந்துக்கு 'கோல்ட்' என்ற சொல்லின் முதல் ஒலி, வெள்ளிக்கு மூச்சு வெடிக்கும் க.) விடைகளைத் தனியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கேட்டு எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். இருபதில் பதினெட்டு சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். அதே பதிவை நாலைந்து தடவைக்கு மேல் வைத்துச் சோதிக்காதீர்கள், விலைகளின் வரிசை மனப்பாடமாகிவிடும். அப்புறம் சோதிப்பது காதை அல்ல, நினைவை.

இன்னொரு எச்சரிக்கை, முக்கியமானது: சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டுரை வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்கிறது, அதனால் இதில் உள்ள சொற்களை இங்கே பார்த்து உச்சரிக்க வேண்டாம், ஆள் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். மாண்டரினில் 'பாவ்' என்பதைப் பின்யினில் 'பேங்க்' எழுத்தில் தொடங்கினால் வயிறு நிறைவது. 'பேப்பர்' எழுத்தில் தொடங்கினால் ஓடுவது. தொனி இரண்டுக்கும் ஒன்றே. விருந்தில் போதும் என்று சொல்ல நினைத்து, "நான் ஓடிட்டேன்" என்று சொல்லி எழுந்தவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பின்யினின் 'பேங்க்' எழுத்து ஆங்கிலத்தில் ஒலிப்பது போன்றதே இல்லை. பால், பழம் என்ற சொற்களில் முதலில் வரும் நம் ப-தான் அது. ஆகப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. பழக வேண்டியது 'பேப்பர்' எழுத்து ஒன்று. டிஷ்யூத் தாளை வாய்க்கு நாலு விரற்கடை முன்னால் தொங்கவிட்டுப் "பால்" என்று சொல்லுங்கள், தாள் அசையாது. இப்போது மெழுகுவத்தியை ஊதி அணைப்பதுபோல் காற்றோடு சேர்த்துச் சொல்லுங்கள், தாள் துள்ளும். துள்ளினால் 'பேப்பர்', துள்ளாவிட்டால் 'பேங்க்'. க, ட வரிசைகளுக்கும் இதே தாள் போதும். நாளுக்கு 5 நிமிடம், இரண்டு வாரம்.

தமிழ் நாக்கு தடுக்கும் இன்னோரிடம் சொல்லின் கடைசி. வல்லின மெய்யில் சொல்லை நிறுத்தத் தமிழுக்குப் பிடிக்காது, பின்னால் ஓர் உகரத்தை ஒட்டிவிடும். கப் 'கப்' ஆகவே நிற்காது, 'கப்பு' ஆகும். ஹொக்கியனில் ஆறு 'லக்', பத்து 'சப்'. நம் வாயில் அவை 'லக்கு', 'சப்பு' என்று ஈரசையாகி, கேட்கிறவருக்குப் புரியாமல் போகும். மருந்து கையிலேயே இருக்கிறது. மலாயில் 'செடாப்', 'சாகிட்' என்று சொல்லும்போது நம் ஊர்த் தமிழர் யாரும் 'செடாப்பு' என்பதில்லை. உதடு மூடியதும் மூடியபடி நிற்கும். அதே வாயை ஹொக்கியனுக்கும் வைத்துக்கொண்டால் போதும்.

இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. மாண்டரினில் ஆள் என்பதற்கான 'ழென்' முதலிய சொற்களின் தொடக்க ஒலி கிட்டத்தட்ட நம் ழ. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் போராடும் ஒலி நமக்குப் பழத்தில் இருக்கிறது, 'பளம்' என்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஹொக்கியனில் மூன்றுக்கான 'சா' மூக்கொலியோடு வரும். "வந்தான்" என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ன் மறைந்து ஆ மட்டும் மூக்கில் நிற்கிறதே, அதே ஆ. இல்லாத ஒலி ஒன்று மாண்டரினில் பெண், பச்சை என்ற சொற்களில் வரும் உயிர். "மீன்" என்று சொல்லத் தொடங்கி, ஈ-யில் நாக்கை அப்படியே பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவியுங்கள், வந்துவிடும். நாக்கு பின்னால் நழுவினால் பச்சை 'சாலை' ஆகிவிடும்.

தொனிக்கு வருவோம். பாடநூலில் மாண்டரினின் மூன்றாம் தொனியைப் பள்ளம்போல் இறங்கி ஏறும் கோடாக வரைந்திருப்பார்கள். அசை தனியாக நின்றால்தான் அந்த ஏற்றம். பேச்சோட்டத்தில் வெறுமனே தாழ்ந்து கிடக்கும், அவ்வளவுதான். வரைபடத்தை நம்பி ஒவ்வோர் அசையையும் இறக்கி ஏற்றுகிறவர் பேசுவது ஊஞ்சல் மாதிரி இருக்கும், வேகமும் வராது. மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது ஏற்றமாக மாறும், 'நீ ஹாவ்' என்ற வணக்கத்திலேயே இது நடக்கிறது. ஆகவே தொனியைத் தனி அசையில் பழகாமல் இரண்டிரண்டாகப் பழக வேண்டும். முதல் அசைக்கு நாலு தொனி, இரண்டாவதற்கு நாலும் ஒரு மென்தொனியும், ஆக 20 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் தினமும் காதில் விழும் ஒரு சொல்லை நிறுத்துங்கள். காப்பிக்கு 'காஃபேய்', இரண்டும் உயரத்தில் சமம். பினாங்குக்கு 'பின்செங்', சமம், பிறகு ஏற்றம். விடைபெறும் 'ஸாய்ஜியென்', இரண்டும் இறக்கம். புதுச் சொல் வரும்போது "இது காஃபேய் மாதிரி", "இது பின்செங் மாதிரி" என்று அதன் கூட்டத்தில் சேர்த்துவிடலாம்.

பிழை எதனால் வருகிறது என்றால் பெரும்பாலும் தயக்கத்தால். நமக்குச் சந்தேகம் வந்தால் வாக்கியக் கடைசியில் குரல் ஏறும், "இதுதானே?" என்பதுபோல. மாண்டரினில் விற்பது 'மாய்', குரல் சரேலென்று இறங்க வேண்டும். சந்தேகத்தோடு ஏற்றிச் சொன்னால் அது புதைப்பது. தெரியாவிட்டாலும் தைரியமாக இறக்கிவிடுங்கள். தப்பானால் சந்தைக் கடை ஆன்ட்டி திருத்துவார்.

இலக்கணத்தில் நம் ஆட்கள் தேவையில்லாமல் சுற்றிப் போகிறார்கள். ஆங்கிலப் பாடநூல் வழியாக மாண்டரின் படிப்பதால் ஆங்கிலேயருக்குக் கடினமானதெல்லாம் நமக்கும் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'நான் நேத்து வாங்கின சட்டை' என்பதை மாண்டரினில் நான், நேற்று, வாங்கு, 'த', சட்டை என்று அப்படியே அடுக்குவார்கள். பெயரெச்சத்தின் இடத்தில் அந்த 'த'. ஆங்கில நூல் இதற்கு ஒரு பாடத்தையே ஒதுக்கும், தமிழருக்கு ஒரு வரி. 'பு', 'மேய்' என்ற இரண்டு எதிர்மறைகள் குழப்புகின்றன என்பார்கள். 'வோ பு சி' என்றால் "சாப்பிட மாட்டேன்", 'வோ மேய் சி' என்றால் "சாப்பிடலை". இதைத் தினமும் பிழையில்லாமல் பிரித்துப் பேசுகிறோமே! வினைக்குப் பிறகு வரும் 'ல' இறந்தகாலம் என்று எழுதி வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் அதை நம் "ஆச்சு"வோடு சேர்த்துப் பார்க்கலாம்: 'சி ல', சாப்பிட்டாச்சு. நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவேன் என்பதிலும் அந்த 'ல' வரும், நம் "விட்டு" எதிர்காலத்திலும் வருவதுபோல. வினைக்குப் பிறகு செயப்படுபொருள் வருவதும், எண்ணோடு ஓர் அளவுச்சொல் ஒட்டுவதும் தமிழில் வழக்கமில்லாதவை. அவை மலாயில் இருக்கின்றன. ஒரு விலங்குக்குச் 'செஎக்கோர்', ஒரு பொருளுக்குச் 'செபுவா' என்று தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அதுவும் புதிதில்லை.

இங்கே படிப்பின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், இல்லாவிட்டால் சந்தையே பல்கலைக்கழகம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். வளர்ந்தவரின் காது மூச்சு வெடிப்பைத் தானாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். இரண்டும் வேறு என்று யாராவது ஒருமுறை சொன்ன பிறகுதான் வேறாகக் கேட்கத் தொடங்கும். பழக்கத்தால் மட்டும் வந்த ஹொக்கியன் பலருக்குக் கடையோடு நின்றுவிடுகிறது. விலை, அளவு, கேலி, வசவு எல்லாம் சரளம். கிளினிக்கில் வயதான சீனர் ஒருவருக்கு மருந்துவேளை சொல்ல வேண்டும் என்றால் வாய் மலாய்க்கு ஓடும், ஏனென்றால் அந்தச் சொற்கள் கடையில் வந்ததில்லை. படிப்பு வேண்டும். அதன் இடம்தான் தவறுகிறது. வகுப்பு முதலில் பாடம், பிறகு என்றாவது ஒருநாள் பேச்சு என்று வைக்கிறது. வரிசையை மாற்றுங்கள். முதலில் காதில் விழட்டும், புரியாமல் உறுத்தட்டும், அன்று இரவு நூலைத் திறந்து அதை மட்டும் படியுங்கள், மறுநாள் போய் மறுபடி கேளுங்கள். உறுத்தாத விதியைப் படித்தால் தங்காது.

வேலைக்குப் போகிறவருக்கு நாளுக்கு 40 நிமிடம் போதும். பிரித்துக்கொள்ளும் விதம் இது. ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். தினம் புதிதாக ஒன்று கேட்பதைவிட ஒரே பதிவை ஏழு நாள் கேட்பது எவ்வளவோ மேல். முதல் 15 நிமிடம் எழுத்தைப் பார்க்காமல் மூன்று தடவை, எழுத்தைப் பார்த்து ஒரு தடவை, மறுபடி பார்க்காமல் இரண்டு தடவை, நடுவே நிறுத்தி எங்கே பிடி நழுவுகிறது என்று குறித்துக்கொண்டு. அடுத்த 10 நிமிடம் பதிவோடு சேர்ந்து, அரை நொடி பின்னால், நிழல்போல் பேசுவது. சொல் விட்டுப்போனால் திரும்பிப் போகாதீர்கள், இசையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். பிறகு 5 நிமிடம் திருப்பிப் பார்க்கும் நினைவு அட்டை. கடைசி 10 நிமிடம் மனிதர்: தொலைபேசி, அண்டை வீடு, கடை, எதுவானாலும். எழுத்து இல்லாத ஹொக்கியனுக்கு அந்தக் குரல் பதிவுகளே பாடநூல். வானொலி, உதாரணமாக அரசு வானொலியான ஆர்டிஎம்மின் சீன அலைவரிசை ஆய் எஃப்எம், முதல் சில மாதங்களுக்கு வேகம் அதிகம். சமைக்கும்போது ஓடிக்கொண்டிருந்தால் நல்லதுதான், ஆனால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பின்னணியில் ஓடுவது காதுக்குப் பழக்கம் தரும், மொழி தராது.

அட்டையில் தனிச்சொல் எழுதாதீர்கள், வாக்கியம் எழுதுங்கள். நாளுக்கு ஐந்து புதிய அட்டை. ஆர்வத்தில் இருபது போடுகிறவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டியவை தினம் நூற்றைம்பதைத் தொட்டுவிடும். அந்த வாரத்தோடு அட்டைச் செயலியை அழித்துவிடுவார்கள். காகித அட்டையே போதும் என்றால் ஐந்து டப்பா: சரியாகச் சொன்னது அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பியது முதல் டப்பாவுக்குத் திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது 2 நாளுக்கொரு முறை, பிறகு 4, 8, 16. எழுத்துகளைப் பற்றி ஒரு வரி: பேச்சு ஓரளவு வரும்வரை கடைப் பலகைகளில் கண்ணில் படுபவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். பழைய பலகைகளில் பழைய வடிவம், பள்ளி நூல்களில் எளிய வடிவம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் குழப்பம் குறையும்.

பெய்ஜிங் பாடநூலோடு பினாங்கு வீதியில் இறங்கும்போது சொற்களும் காலை வாரும். நூலில் மிதிவண்டிக்கு 'ஸிஷிங்சே', இங்கே 'ஜியாவ்சே'. நூலில் டாக்சிக்கு 'சூஸூசே', இங்கே 'தேஷி'. சந்தைக்கு இங்கே 'பாஷா', அது பசார்தான். சொல் கடைசியில் நாக்கைச் சுருட்டும் வட சீன வழக்கு இங்கே வேடிக்கையாகக் கேட்கும். ஹொக்கியனில் மலாய் கலந்திருப்பது இன்னும் அதிகம்: சந்தை 'பாசாட்', சோப்பு 'சப்பூன்', கல் 'பாத்து', போலீஸ் 'மாத்தா', பணம் 'லுய்', அதாவது டுயிட். எதுவும் படிக்காமலே ஐம்பது சொல் கையில் இருக்கிறது. 'கோப்பி ஓ பெங்' என்று கேட்டு வாங்கும் தமிழர் யாரும் ஓ என்றால் கறுப்பு, பெங் என்றால் ஐஸ் என்று மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதில்லை. கறுப்பாகச் சில்லென்று ஒன்று வருகிறது, அவ்வளவுதான். ஒரு சொல் "வருவது" எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி வேண்டுமென்றால் இந்த டம்ளர் போதும்.

சந்தைக்குப் போவதிலும் முறை உண்டு. சௌராஸ்தாவோ ஆயர் ஈத்தாமோ, காலை எட்டு மணிக் கூட்டத்தில் போய் நின்று பயிற்சி செய்தால் ஏச்சுத்தான் கிடைக்கும். கூட்டம் வடிந்து, கடையைக் கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். வாரம் மூன்று நாள், அதே கடை, அதே ஆள். கடை மாற்றினால் ஒவ்வொரு தடவையும் "எங்க வேலை, எப்படிக் கத்துக்கிட்ட?" என்ற முதல் பக்கத்திலேயே நிற்பீர்கள். ஒரு பொருள் வாங்குங்கள், ஒரு புதுக் கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்வி அடுத்த தடவைக்கு. கேட்ட பதிலை அங்கேயே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், ஆன்ட்டி தன்னையறியாமல் சரியாகச் சொல்லிக் காட்டுவார். கைப்பேசியை எடுத்து எழுதத் தொடங்காதீர்கள். எழுதுகிற ஆளிடம் யாரும் இயல்பாகப் பேசமாட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வந்த பிறகு நினைவிலிருப்பதை எழுதினால் போதும், நினைவில் இல்லாதது இன்னும் வரவில்லை என்று பொருள்.

முன்னேற்றத்தை அளக்கச் சான்றிதழ் வேண்டாம். கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அங்கே நிற்கும் சீன வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் விலைகளைக் கேட்டு விரலில் எண்ணுங்கள். பத்தில் எத்தனை பிடிபட்டது? முதல் மாதம் இரண்டு மூன்று பிடிபட்டாலே நல்ல காது. உங்களுக்காக மெதுவாகச் சொன்னது இந்தக் கணக்கில் சேராது.

ஆன்ட்டியையும் கவனியுங்கள். தொடக்கத்தில் இரண்டு சொல் பேசினாலே "வா, பண்டாய்!" (அடேயப்பா, கெட்டிக்காரர்!) என்று மெச்சுவார், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவார், இரண்டு மிளகாய் கூடப் போடுவார். சில மாதம் கழித்து ஒருநாள் மெச்சாமல், மிளகாய் விலை ஏறிப்போனதைப் பற்றியும் மருமகள் சமையலைப் பற்றியும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஹொக்கியனில் புலம்பத் தொடங்குவார். அன்றைக்கு மிளகாய் கூட விழாது.